பார்த்தவர் கையெழுத்து

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதையெல்லாம் காரணம் இல்லை. எழுதினால், "இனிஷியல் சரியா போட்டுகீறியா? யார் பாத்தாங்க?" என்று போன் போட்டுக் கேட்பார். அதற்குப் பதில் சொல்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில் அவர் எங்களுக்கு எதிர் பிளாக், முதல் மாடி. என் அப்பாவும் அவரும் ஒரே தொழிற்சாலை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். இவர் உள்ளூர், நெமிலிச்சேரியில் பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். கிரைண்டிங் மெஷினில் வேலை. இரும்பைத் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்து எடுக்கிற மெஷின் அது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு உண்டு. ஆபரேஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருப்பார்கள். ஒன்றில் செய்தவர் கையெழுத்து. இன்னொன்றில், அதைப் பார்த்துச் சரி சொன்னவர் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் அடுத்த ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. மற்ற தொழிலாளிகள் சங்கு ஊதியதும் கார்டை மெஷின் பக்கத்திலேயே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இவர் மட்டும் கார்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு பொங்கலன்று காலையில் அப்பா புது வேட்டி கட்டி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நின்றபோது, இவர் வந்து கூப்பிட்டார். சீலிங் ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டியிருக்கிறார். நட்டு சரியாக முறுக்கியிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமாம். அப்பா புது வேட்டியோடு ஸ்டூல் மேல் ஏறி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் இவர் பேனாவை நீட்டினார். அந்தக் காகிதம் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் வெகுநாள் ஒட்டியிருந்தது. "கழற்றியது: நான். எண்ணெய் விட்டது: நான். மாட்டியது: நான். பார்த்தது:" என்று எழுதி, அப்பாவின் கையெழுத்து. அதற்கு அடியில் உட்கார்ந்து டிவி பார்க்க எங்களுக்கெல்லாம் பயமாக இருக்கும். அவ்வளவு ஜாக்கிரதையாக மாட்டிய ஃபேன் என்றால் அதில் ஏதோ ஆபத்து இருக்கத்தானே வேண்டும்?

அவர் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நாக்கு மட்டும் பட்டப்படிப்பு படித்த நாக்கு.

"தோச ஊத்துனாக்கூட கார்டு கேக்குற ஆளும்மா இது. எங்க கண்ணாலத்துல தாலி கட்டிட்டு, மூணு முடிச்சு கீதான்னு அவங்க அக்காவ எண்ணச் சொன்னாரு. மண்டபமே சிரிச்சிது."

"மூணாவது முடிச்சு அக்கா போட்டது. என் கை இல்ல. கேக்காம எப்டி?" என்றார் அவர்.

"கேட்டியே, அவுந்து போச்சா?"

"அவுரலையே. அதுக்குத்தான் கேட்டது."

இதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாதாட முடியாது. அவருக்கு ஒரே ஒரு வேதம்தான்: "செய்றவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது. அதுக்குத்தான் இன்னோர் கண்ணு." இதைச் சொல்லும்போது ஆள்காட்டி விரலால் எதிராளியின் கண்ணைக் காட்டுவார். குத்திவிடுவாரோ என்று பின்னால் நகர்வோம்.

என் கதைக்கு வருகிறேன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஒன்றரை வருடமாக வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரெஸ்யூமேயில் "ஜாவா வெப் சர்வர் நிறுவத் தெரியும்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வெப்சைட் பக்கங்களைக் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற புரோகிராம் அது. எங்கள் வகுப்பில் அறுபது பேரும் அந்த வரியைப் போட்டிருந்தோம். கல்லூரி லேபில் சர்வரை ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருப்பார்கள். நாங்கள் போய் உட்காருவோம், எழுந்து வருவோம். ஹோட்டலில் சாப்பிட்டவன் சமையல் தெரியும் என்று சொல்வது மாதிரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி அந்த ஒரு வரியை நம்பி என்னைக் கூப்பிட்டுவிட்டது. நேர்முகத்தில் கேள்வி பதில் கிடையாதாம். ஒரு வெறும் கம்ப்யூட்டரைக் கொடுப்பார்கள். இன்டர்நெட் இருக்காது. தேவையான ஃபைல்கள் பென் டிரைவில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள், சர்வர் ஓடத் தேவையான ஜாவாவைப் போட்டு, சர்வரைப் போட்டு, பிரவுசரில் அதன் முதல் பக்கத்தை வரவைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு பூனைப் படம் இருக்கும். பூனை வந்தால் வேலை. குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம். மூன்று வாரம் அவகாசம்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எதிர் பிளாக்கில் உண்டு. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் வரப்போகின்றன என்று பேச்சு அடிபட்டதும், "அதாண்ட பயந்துகினு நிக்கக் கூடாது" என்று அவர் ஒன்று வாங்கி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். போய்க் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது எனக்காக அல்ல. அவருக்கும் ஒரு சர்வர் வேண்டியிருந்தது.

"எங்க ஊட்டு பாத்ரூம் ஒழுவுது. மெயின்டனன்ஸ் ஆபீஸ் ரிஜிஸ்டர்ல மூணு வாட்டி ரிப்பேர் ஆயிட்டுதுன்னு எழுதி வெச்சிகீறான். இன்னும் ஒழுவுது. யார் பாத்தான்? எல்லாப் பிளாக் கம்ப்ளெய்ன்ட்டும் ஒரே பக்கத்துல வரணும். எதுத்தாப்ல ரெண்டு கட்டம். செஞ்சவன், பாத்தவன். அத நம்ம ஊட்டுலயே ஓட வெக்கணும். நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அங்கிள்" என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் சொன்ன முதல் பொய் இது.

மறுநாளே அவர் பிரவுசிங் சென்டரில் செய்முறையை பிரின்ட் எடுத்து, அகராதி வைத்துப் படித்து, தமிழில் ஒரு கார்டு எழுதிவிட்டார். முப்பத்தோரு ஆபரேஷன். முதல் ஆபரேஷன்: "துண்டை எடுத்து மடித்து வைக்கவும்." கடைசி: "பூனை வந்ததா?" செய்தவர் கட்டம் அவருக்கு, பார்த்தவர் கட்டம் எனக்கு. நான் படித்தவள் என்பதால் அந்தக் கட்டம் கிடைத்தது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அதெல்லாம் இல்லை. செய்தவரைத் தவிர வேறு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஜாவாவைப் போட ஆரம்பித்ததும் திரையில் ஒப்பந்தம் ஒன்று வந்தது. இந்த உலகத்தில் அதைப் படித்த மனிதர் யாரும் இல்லை. எல்லோரும் "சம்மதம்" என்பதை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். நானும் அதையே அமுக்கச் சொன்னேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படிச்சியா?"

"இது எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் அங்கிள் இருக்கும்."

"படிச்சியான்னு கேட்டேன்."

இரண்டு நாள் படித்தோம். ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொல்ல வேண்டும். தெரியாத இடத்தில் இட்டுக்கட்டினேன். இடையில் ஒரு வரி, இந்த மென்பொருள் அணு உலை நடத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்றது. நான் வேடிக்கையாக நினைத்து வாசித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம ஊட்ல அதெல்லாம் கெடயாது. சரி, சம்மதம் குடுத்துடுறேன்."

"ஏன்யா, பாத்ரூமையும் ஒரு தபா பாத்துட்டு வந்து குடு" என்றார் ஆன்ட்டி உள்ளேயிருந்து.

முதல் தடவை சர்வர் ஓடவில்லை. கம்ப்யூட்டருக்குள் 8080 என்ற கதவு எண்ணில் அது உட்கார வேண்டும். அங்கே வேறொரு புரோகிராம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க நான்கு சாயங்காலம் ஆயிற்று. "குடித்தனம் கீற ஊட்ல போயி சாமான் எறக்குனா எப்டி?" என்றவர், பழைய குடித்தனத்தைக் காலி செய்வதற்கு ஒரு ஆபரேஷனைச் சேர்த்தார்.

இரண்டாவது தடவை, சர்வரைத் தொடங்கியதும் ஒரு கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடிக்கொண்டது. அவ்வளவுதான். ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அது ஆபரேஷன் பதினான்கு. அதில் C:\java\bin என்று எழுதியிருந்தார். கடைசியில் இருக்கிற bin வரக் கூடாது. வெறும் C:\java போதும். அதற்கும் ஒரு வாரம் ஓடியது. கார்டில் bin மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். மீண்டும் ஓட்டினோம். பூனை வந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆன்ட்டி கையில் கரண்டியோடு வந்து பார்த்தார். "இதுக்கா மூணு வாரம்? கீழ போனா ஏழு பூனை கீது" என்றார்.

ஆனால் கார்டு அடித்தல் திருத்தலோடு பார்க்கவே சகிக்கவில்லை. நேர்முகத்துக்கு இதையா எடுத்துக்கொண்டு போவது? எனக்காக ஒரு புதுக் கார்டு எழுதினார். கட்டங்களை ஸ்கேல் வைத்து வரைந்து, முத்து முத்தாக எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்றார். இப்போது அவருக்கு மனப்பாடம். கார்டைப் பார்க்காமலே அவர் செய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் கார்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பதினோராவது ஆபரேஷன் வரை ஒழுங்காகப் பார்த்தேன். அப்போது கீழே தண்ணீர் லாரி வந்தது. குடம் வைத்த வரிசையில் யாரோ நுழைந்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் உண்டு. தண்ணீர்ச் சண்டை என்றால் எல்லா மாவட்டத்து வசவும் ஒரே மேடையில் கிடைக்கும். நான் நாற்காலியை பால்கனிப் பக்கம் நகர்த்தினேன்.

"பதினாலு முடிஞ்சிது. பாத்துகினியா?"

"பாத்துட்டேன் அங்கிள்."

பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை ஐந்து கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன், ஒரு கண் கீழேயே இருக்க. கார்டில் பதினான்காவது வரியில் C:\java\bin என்று எழுதியிருந்தது. பழைய கார்டைப் பார்த்து எழுதும்போது, அடித்த கோட்டைக் கவனிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார். திரையில் அவர் கை சரியாக அடித்தது. கார்டில் தப்பு இருந்தது. இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டியவள் தண்ணீர் லாரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட்டில் அந்த கம்பெனிக்குக் கீழே லேத் பட்டறை. மாடியில் மேசை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. சளி பிடித்த ஒரு மனிதர் கம்ப்யூட்டரைக் காட்டிவிட்டு, "பூனை வந்ததும் கூப்பிடுங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். நான் கார்டை விரித்தேன். அதில் எழுதியிருந்தபடியே செய்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதுதான் வினை. கறுப்பு ஜன்னல் சிமிட்டியது, மூடியது. மறுபடி தொடங்கினேன். சிமிட்டியது. ஏற்கெனவே பார்த்த நோய்தான். ஆனால் கார்டு சரி என்று என் கையெழுத்தே சொல்கிறதே? அதனால் அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. வேறு எங்கெங்கோ தேடினேன். ஒரு மணி நேரம் முடிந்தது.

சளிக்காரர் கார்டை எடுத்துப் பார்த்தார். "துண்டை எடுத்து மடித்து வைக்கவும்" என்று வாய்விட்டுப் படித்தார். சிரிக்கவில்லை. "யாருங்க இதை எழுதினது? நல்லா இருக்கு. இதுல எங்கயோ ஒரு இடம் இடிக்குது. கண்டுபிடிச்சுட்டு அடுத்த மாசம் வாங்க, இடம் காலியா இருந்தா பாக்கலாம்" என்றார்.

வரும்போது பஸ்ஸிலேயே பதினான்காவது வரியைப் பார்த்துவிட்டேன். நேராக எதிர் பிளாக்குக்குப் போய், "கார்டு தப்பு அங்கிள்" என்றேன். குரலில் கோபம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். தோற்றவர்களுக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வருமோ.

அவர் பழைய கார்டையும் புதுக் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். விரல், என் கையெழுத்தில் வந்து நின்றது.

"இத நீ பாத்துதானே போட்ட?"

"பாத்துதான் போட்டேன்."

"ரெண்டு பேர் கண்ணுக்குமா தப்பும்?" என்று அவரையே கேட்டுக்கொண்டார். பிறகு, "உனக்கு சின்ன வயசு. உன் கண்ணு போவாது. அப்ப எனக்குத்தான் கண்ணு போயிகினு கீது. அடிச்ச கோடு கூடத் தெரியல பாரேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா தொழிற்சாலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"எதுத்த பிளாக்காரன் செஞ்ச கூத்தக் கேட்டியாட்டி? அவனே நேரா ஃபோர்மேன்கிட்ட போயி, எனக்குக் கண்ணு சந்தேகமா இருக்கு, டாக்டர் பாக்குற வரைக்கும் மெஷின் வேண்டாம்னு சொல்லிட்டாம்லா. இருபது வருசமா ஓட்டுன மெஷின். இப்ப ஸ்டோர்ல நின்னு எல்லாருக்கும் மெஷின் தொடைக்க வேஸ்ட் காட்டன் அள்ளிக் குடுக்கான். எவனாச்சும் தானாப் போயி இப்படிச் சொல்லுவானா? கிறுக்கன்."

சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கே நின்றுவிட்டது. "அந்த மெஷின அவங்கிட்ட இருந்து புடுங்க எத்தன பேரு காத்துக் கெடக்கான் தெரியுமா" என்றார்.

அவர் மெஷினை இழப்பதற்கு நான் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தேன். அவர் தன் கண்ணைவிட என் கையெழுத்தை நம்பிவிட்டார். அப்படி நம்புகிற மடையர் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், எனக்கென்று இவர் வாய்த்தாரே என்று அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் சாயங்காலம் வரை அந்த ஆத்திரத்தைச் சுமந்துவிட்டு, பிறகு போனேன்.

அவர் தரையில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், பன்னெண்டுல இருந்து பதினாறு வரைக்கும் நான் பாக்கல. சும்மா போட்டுட்டேன்."

ஊசி நின்றது. "அஞ்சுமா?"

"அஞ்சும்."

"தண்ணி லாரி சண்டையா?"

"ஆமா."

ஊசியைக் கீழே வைத்தார். "யார் ஜெயிச்சா?"

"நாலாவது மாடி ஆன்ட்டி."

"அந்தம்மாவ யாரு ஜெயிக்கிறது" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்க் கார்டைக் கொண்டுவந்தார். பேனாவைக் கொடுத்தார். தொழிற்சாலையில் கார்டில் எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். என் ஐந்து கையெழுத்தையும் அப்படி அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, மறுபடி கையெழுத்து. ஐந்து தடவை எழுதினேன். மூன்றாவது தடவை எழுதும்போது அழுதுவிட்டேன்.

"எழுத்து மேல தண்ணி வுடாத. கலைஞ்சிரும்" என்றார்.

இனிமேல் டாக்டர் தேவையில்லை, நாளைக்கே மெஷினுக்குப் போய்விடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "நீ பாக்கலன்றது உன் தப்பு. நான் கோட்ட வுட்டது என் தப்பு. அது அப்டியேதானே கீது?" என்றார். டாக்டரிடம் போனார். கிட்டத்தில் படிக்க இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் வேஸ்ட் காட்டன் அள்ளிவிட்டு, கண்ணாடியோடு மெஷினுக்குத் திரும்பினார்.

"நாலு வருசமா கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு கத்துறேன். நான் பாத்தது செல்லல. பூனை வந்து சொல்லணும் இந்த மனுசனுக்கு" என்றார் ஆன்ட்டி.

கோபமே படாத மனிதர், மன்னித்துவிட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். அடுத்த மாத நேர்முகத்துக்காக மறுபடி ஓட்டிப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. செய்தவர் கட்டத்துக்கு என்னை மாற்றியிருந்தார். பார்த்தவர் கட்டம் ஆன்ட்டிக்கு.

"ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் தெரியாதே அங்கிள்."

"தெரியாது. ஆனா பாக்கும்."

பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் அதற்குப் பிறகு எந்த கம்பெனியிலும் அனுபவித்ததில்லை. கணவரின் புதுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, கார்டில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் வைத்து, எழுத்து எழுத்தாக அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

"இதுல மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி கீது. டிவில கீழ கீற புள்ளிக்கு வாலு மொளைச்சிகீது. நான் போட மாட்டேன்."

உற்றுப் பார்த்தேன். C-க்குப் பக்கத்தில் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி அடித்திருந்தேன். அன்றைக்கு மூன்று இடத்தில் என்னைப் பிடித்தார். என் நான்கு வருடப் படிப்பு, எட்டாவது படித்தவர் விரலுக்குக் கீழே நெளிந்துகொண்டிருந்தது.

அம்பத்தூரில் இரண்டாவது தடவை நாற்பது நிமிடத்தில் பூனை வந்தது. சளிக்காரருக்கு அப்போதும் சளி. வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு வேலை மாறி மாறி, இன்றைக்கு நான் செய்கிற வேலையே மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படித்துப் பார்த்துச் சரி என்று அமுக்குவதுதான். தெரிந்தால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார், அல்லது அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவார்.

வேலைக்குச் சேர்ந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்போடு போனேன். பாத்ரூம் புகார்ப் பக்கத்தை சர்வரில் ஏற்றுவதற்கு அவர் ஒரு புதுக் கார்டு எழுதி வைத்திருந்தார். நான் அடையாள அட்டை எல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை எதற்குப் போட்டுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். அவர் முதல் ஆபரேஷனை முடித்தார். நான் உண்மையாகவே பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். பேனாவை எடுத்து, பார்த்தவர் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். அவர் உள்ளங்கையால் அந்தக் கட்டத்தை மூடினார்.

"பாத்தேன் அங்கிள். இந்தத் தடவ நெஜமா."

"பாத்திருப்ப."

கை நகரவில்லை. ஆன்ட்டி சமையலறை வாசலில் வந்து நின்றார். "போடட்டுமேய்யா. பாவம், இப்ப வேலைக்கே போயிகினு கீது. எத்தினி நாளு?"

"பாவமா இருந்தா ஒரு காபி போட்டுக் குடு. இந்தக் கட்டம் மட்டும் கேக்காத."

எனக்குக் காது வரை சூடேறியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆன்ட்டி காபியை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஆன்ட்டி உட்கார்வதற்கு என் நாற்காலியைக் கொடுத்தேன்.